பத்தரைக்குள் ஒரு தாண்டல்

என் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு நான் உட்கார்ந்து எழுந்ததை இரும்புலியூரில் எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் குறைவு. தினமும் காலையில், வீட்டுப் பின்பக்கம், மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் அது நடக்கும். அப்பா நிலத்தை பிளாட் போட்டு விற்றபோது மாடுகளும் போய்விட்டன. சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். நான் அம்மாவை ஏற்றிக்கொண்டதும் மதில்மேல் தலைகள் முளைக்கும்.

"இன்னாடி சாமுண்டி, ஆத்தாளைத் தூக்கினு எங்க கெளம்பிட்ட?" என்று பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் தினமும் கேட்பாள். ஒரு நாளாவது வேறு மாதிரி கேட்டிருக்கலாம். கேட்கமாட்டாள்.

"காசிக்கு. நீ வரியா?" என்று அம்மா என் தோளைக் கட்டிக்கொண்டபடியே பதில் சொல்வாள். சிரித்தால் அவள் வயிறு என் முதுகில் குலுங்கும். எனக்குக் கணக்குத் தப்பும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

நான் உயரம் தாண்டுகிறவள். சாமுண்டீஸ்வரி என்று பெயர். உயரம் தாண்டுவதற்குத் தைரியம் வேண்டும் என்று தெரியாதவர்கள் சொல்வார்கள். தைரியமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கால் சூடாக இருக்க வேண்டும். என் கால் சூடாக இருந்தால் என் கழுத்து உயரத்துக்குக் கட்டிய கம்பைத் தாண்டிவிடுவேன். ஆறியிருந்தால் அதே கம்பைப் பின்பக்கத்தால் தட்டிவிட்டு மணலில் விழுவேன். இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம்தான் வித்தியாசம். அந்த இரண்டு விரலில்தான் என் பிழைப்பு இருந்தது.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தண்ணீர் லாரி சொல்லித்தந்தது. அப்போது செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் தெருவுக்கு லாரி வரும். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று தூக்கித் தூக்கித் தொட்டியை நிரப்பிவிட்டு மைதானத்துக்கு ஓடுவேன். அன்றைக்குப் பார்த்து நன்றாகத் தாண்டுவேன். நானும் அம்மாவும் ரொம்ப நாள் அதைச் செவ்வாய்க்கிழமை ராசி என்றே நம்பிக்கொண்டிருந்தோம். மாவட்டப் போட்டி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தபோது அம்மா சர்க்கரைப் பொங்கலே வைத்தாள். அன்றைக்கு லாரி வரவில்லை. கம்பைத் தட்டிவிட்டு மூன்றாவது முறையும் மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கிழமையில் ஒன்றும் இல்லை, குடத்தில்தான் இருக்கிறது.

பாரத்தைச் சுமந்தால் கால் விழித்துக்கொள்கிறது. கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டுத் தாண்டினால் தரையே நம்மைத் தூக்கிவிடுவது போல இருக்கும். ஆனால் குடத்தோடு உட்கார்ந்து எழுந்தால் தண்ணீர் சிந்தும். அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன், தையல் விட்டுப்போய் ஒரு வாரம் அரிசி பொறுக்கினோம். அப்போதுதான் அம்மா சொன்னாள்:

"நான் ஏறிக்கிறேன்டி. மூட்டையாவது பேசாம கெடக்கும், நான் உனுக்குப் பேச்சுத் துணைக்கும் ஆச்சு."

அப்படித்தான் என் அம்மா தாயாரம்மாள் என் பயிற்சிக்கு வந்தாள். முதலில் வியர்க்கும்வரை ஓட்டம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசுவேன். முழங்காலை மார்புவரை தூக்கித் துள்ளுவேன். கடைசியாக அம்மா. அவளைச் சுமந்துகொண்டு பாதிவரை உட்கார்ந்து எழுந்து, இறக்கிவிட்டதும் அவள் காபி குடிப்பாள். அவள் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கிற நேரம்தான் ஓய்வு. பாதி டம்ளரில் தாண்டினால் கால் கனக்கும். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்வரை விட்டால் எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். இந்தக் கணக்கு என்னைவிட அவளுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். கடைசி வாயை விழுங்கியதும், "போடி, போடி, ஆறிடப் போவுது" என்று என் முதுகில் தட்டுவாள். பள்ளிக்கூட வாசலைப் பார்த்திராத பெண்பிள்ளை. கால் ஆறும் என்பது அவளுக்குத் தெரியும்.

அதைத்தான் சொல்ல வந்தேன். தெரியாதவள் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது.

எண்பத்தொன்பதில் ஒரு பெரிய அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்தார்கள். பெயர் வேண்டாம். உயரம் தாண்டுகிற பெண்களுக்கு ஒரே ஓர் இடம். வயது வரம்பில் நான் விளிம்பில் நின்றேன், அடுத்த முறை என்ற பேச்சே எனக்கு இல்லை. அப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் போல்ட்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலம் எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். இந்த வேலை கிடைத்தால் தாண்டுவதற்கே சம்பளம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் போல்ட். அவர்கள் கேட்ட உயரம் சூடான காலுக்கு எட்டுகிற உயரம்தான். தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மைதானத்தில் தேர்வு. தை மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி.

கூட வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். நான் அம்மாவை அழைத்துப் போனது பாரத்துக்காக. அவள் கோயிலுக்குக் கட்டுகிற அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்க்கோடு வந்தாள். எட்டரை மணிக்கு உடை மாற்றும் அறைக்குப் பின்னால், புங்க மரத்தடியில் எல்லாம் முறைப்படி செய்தேன். ஓடினேன், காலை வீசினேன், துள்ளினேன். அம்மா ஏற வேண்டியபோது சுற்றுமுற்றும் பார்த்தாள். பேண்ட் சட்டை போட்ட ஆபீசர்கள் அங்கங்கே நின்றார்கள்.

"நான் கண்ணை மூடிக்கிறேன்டி. அவங்க யாருன்னு எனுக்குத் தெரியாட்டி போச்சு" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

அன்றைக்கு என் கால் எப்படி இருந்தது என்பதை இப்போதும் என்னால் சொல்ல முடியும். தொடையிலிருந்து குதிகால்வரை ஒரே கயிறாக இருந்தது. அம்மா பிளாஸ்க்கைத் திறந்து காபி குடித்தாள். கடைசி வாயில் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் களத்துக்கு ஓடினேன்.

அங்கே கம்பு கட்டியிருந்தார்கள். பஞ்சு மெத்தை போட்டிருந்தார்கள். ஆனால் தாண்ட விடவில்லை. சீஃப் கெஸ்ட் இன்னும் வரவில்லை.

"பல்லாவரத்துல ஒரு கடை திறப்பு விழாவாம். இதோ வந்துண்டே இருக்கார்" என்றார் யக்ஞநாராயணன் சார். அவர்தான் அந்த நிறுவனத்தின் விளையாட்டு அதிகாரி, தேர்வுக்கு முழுப் பொறுப்பும் அவர்தான். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வந்திருந்த எல்லாப் பெண்களுக்கும் மோர் வாங்கித்தரச் சொன்னவர். பஞ்சாங்கம் பார்த்து அந்தத் தேதியைக் குறித்தவரும் அவர்தான். எல்லோரையும் நம்பர் வரிசைப்படி நிற்க வைத்தார்கள். எந்த நிமிடமும் கார் வரலாம், யாரும் நகரக் கூடாது. என் நெஞ்சில் ஒன்றாம் நம்பர்.

நின்றோம். தை மாதக் காற்று காலில் பட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவின் டம்ளர் கழுவிக் கவிழ்க்கிற நேரம் போயிற்று. இன்னும் பத்து டம்ளர் கவிழ்க்கிற நேரமும் போயிற்று. முதலில் கெண்டைச்சதை அடங்கியது, பிறகு தொடை. நான் நின்ற இடத்திலேயே காலை உதறினேன். "ஆடாம நில்லும்மா, போட்டோ எடுக்கறாங்க" என்று ஒருவர் அதட்டினார். ஏதோ நாங்கள் போட்டோவுக்காகப் பிறந்தவர்கள் மாதிரி.

பத்து மணிக்குமேல் கார் வந்தது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, பிறகு பொன்னாடை. மேடையில் இருந்த ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் போர்த்தினார்கள். சீஃப் கெஸ்ட் விளையாட்டில் நேரம் தவறாமையின் அருமை பற்றிப் பேசினார். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. என் கால் அணைந்து போவதை நான் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போது யக்ஞநாராயணன் சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மேடை ஏறி சீஃப் கெஸ்ட்டின் காதில் ஏதோ சொன்னார். பேச்சு பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகு காலம். பத்தரைக்குள் தேர்வைத் தொடங்கியாக வேண்டும். அவர் என்னிடம் ஓடி வந்தார். நடந்துகூட வரவில்லை.

"நம்பர் ஒன்! வாம்மா, வா. இன்னும் ரெண்டே நிமிஷம் இருக்கு. ஒரு தாண்டு தாண்டிடு, ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும்."

"சார், பத்து நிமிஷம் குடுங்க சார். உடம்பு ஆறிப்போச்சு. மறுபடி ஓடிட்டு வந்துடறேன்."

"வெயில்லதானே நிக்கறே, என்ன ஆறிப்போச்சு? பாரும்மா, கம்பு கீழேதான் இருக்கு. ஸ்கூல் குழந்தைகள் தாண்டற ஹைட். இதை முடிச்சுட்டுப் போய்ச் சாவகாசமா உன் வார்ம்-அப்பைப் பண்ணிக்கோ. நான் தடுக்கலை. நல்ல நேரத்துல ஆரம்பிச்சா யாருக்கு நல்லது? உனக்குத்தானே?"

இரண்டாம் நம்பர் கேளம்பாக்கத்துப் பெண். அவள் கீழே குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். புத்திசாலி.

உயரம் தாண்டுவதில் ஒரு வசதி இருக்கிறது. ஓர் உயரம் வேண்டாமென்றால் 'பாஸ்' என்று சொல்லிவிட்டு அடுத்த உயரத்துக்கு வரலாம். சட்டத்தில் இடம் உண்டு, யாரும் கேட்க முடியாது. அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேலை தருகிறவருக்கு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அதற்கு முன் அம்மாவைப் பார்த்தேன்.

அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மற்ற பெற்றோரோடு நின்றிருந்தாள். நான் குனிந்து என் காலைத் தொட்டுக் காட்டினேன். கையை விரித்து, போச்சு என்றேன். அவளுக்குப் புரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், புரிந்தது. என் கண்ணைப் பார்த்து வாயைத் திறந்தாள். 'ஆறிடுச்சு சாரு, எம்பொண்ணை வுடு' என்று கத்தப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கத்துவாள், வெட்கப்படமாட்டாள். ஆபீசர்கள் நடுவில் என் முதுகில் ஏறியவள் அல்லவா?

பக்கத்தில் நின்றவரின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மா கத்தினாள்.

"இன்னாடி முழிச்சினு கீற? ராவுகாலம் வந்துகினு கீதுடி! நல்ல நேரம் பூடும், குதிச்சுடு! நான் சொல்றேன், குதிடி!"

ஆபீசர் சொன்னதை நான் தட்டியிருப்பேன். அவள் சொன்னதைத் தட்ட முடியவில்லை. என் காலைப் பற்றி உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள். ஓடினேன். ஓட்டத்திலேயே தெரிந்தது, கால் என்னுடையதாக இல்லை. மெதுவாகத் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். "குதிடி, குதிடி" என்று அவள் குரல் பின்னாலேயே வந்தது. இடது காலை அழுத்தி ஊன்றி எழும்பினேன்.

யாரோ பின்னாலிருந்து என் குதிகாலில் ஓங்கி உதைத்தார்கள். பட்டென்று சத்தம்கூடக் கேட்டது. விழுந்த இடத்திலிருந்து திரும்பி, யாருடா அது என்று கோபமாகப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை. மைதானம் காலியாக இருந்தது. கம்பு ஆடாமல் அசையாமல் எனக்கு மேலே இருந்தது. மெத்தைவரைகூட நான் போகவில்லை.

குதிகாலுக்கு மேலே கட்டைவிரல் கனத்துக்கு ஒரு நரம்பு இருக்குமே, அது அறுந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் பள்ளமாக இருந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். தூக்கினார்கள், விசிறினார்கள், சோடா கொடுத்தார்கள். அதற்குள் தலைக்குமேல் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது.

"சார், உங்க வாட்ச்ல என்ன மணி?"

"இப்போதான் பத்து முப்பது ஆச்சு. ஏன்?"

"என்னோடதுல பத்து முப்பத்திரண்டு தாண்டிடுச்சு சார். காலைல ஸ்டேஷன் கடிகாரத்தைப் பாத்து வச்சது."

மூன்றாவதாக ஒருவர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். மைதானத்தில் இருந்த கடிகாரங்களையெல்லாம் ஒப்பிட்டார்கள். யக்ஞநாராயணன் சாருடையது இரண்டு நிமிடம் ஸ்லோ என்று முடிவாயிற்று. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, ராகு காலத்துல குதிக்க விட்டுட்டேனே" என்று உண்மையாகவே கண் கலங்கினார். நான் கீழே கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறிப்போன காலோடு என்னை ஓட விட்டதைப் பற்றி அங்கே ஒரு மனிதர் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் கடிகாரப் பேச்சைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குமேல், எல்லோரையும் நன்றாக ஓடவிட்டு, தேர்வை மறுபடி தொடங்கினார்களாம். கேளம்பாக்கத்துப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது.

எனக்குக் கால் சரியாகத் தைக்கப்படவில்லை. நாள் முழுக்க நிற்க முடியாததால் போல்ட் வேலையும் போயிற்று. இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும்போது பின்னால் வருகிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எட்டு வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கும் யாராவது தாண்டுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சின்னப் பிள்ளைகள் பாண்டி ஆடினால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அம்மாவிடம் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். கட்டுப் பிரித்த புதிதில்.

"அம்மா, அன்னிக்குக் கால் ஆறிப்போயிருந்துச்சு. அதனாலதான் அறுந்துச்சு. நேரத்தால இல்ல."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "ஆறிப்போனா தாண்ட முடியாதுடி, கம்பைத் தட்டிடுவ. எத்தினி வாட்டி நானே பாத்துகீறேன். அறுந்து போறதுன்னா அது ராவுதான்" என்றாள். ஆமாம், அவள் பார்த்தவரை ஆறிய கால் கம்பைத் தட்டும், அவ்வளவுதான். நானும் அதற்குமேல் பார்த்தவள் இல்லை. அதோடு விட்டுவிட்டேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு. பூத்தில் சொல்லிக்கொண்டு நான் போக வேண்டும். போகாவிட்டால் அவள் சாப்பிடமாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை விளக்கு வரிசையில் எங்கள் பக்கத்தில் நாகலக்ஷ்மி என்று ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். புதிதாகக் காலனிக்குக் குடிவந்தவர். நான் காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்து, என்ன ஆச்சும்மா என்று கேட்டுவிட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். அம்மா ஆரம்பித்துவிட்டாள். மைதானம், பொன்னாடை, கடிகாரம் எல்லாம் வந்தன. அவள் சொல்லும் கதையில் என் கால் கடைசியில்தான் வரும், அதுவும் அறுவதற்காக மட்டும் வரும்.

"ரெண்டு நிமிஷத்துல ஒரு பொண்ணோட வாழ்க்கையே போயிடுத்தே!" என்றார் டீச்சர்.

"அவரைச் சொல்லி இன்னா பண்றது டீச்சரம்மா, தப்பு எம்மேலதான் கீது" என்று அம்மா அழுதாள். "நான் லேட்டாக் கத்திட்டேன். இது காலைக் காட்டிச்சு, நான் அதைப் பாத்துகினே நின்னுட்டேன். பாக்காம அப்பவே குதிடின்னு கத்திருந்தா நல்ல நேரத்துல குதிச்சிருக்கும். எட்டு வருசமா எனுக்குத் தூக்கம் இல்ல டீச்சரம்மா. எம்பொண்ணு காலை நானே ஒடிச்சிட்டேன்."

அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அந்த ஒரு நிமிடம் நீ வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதுமே அம்மா என்று அந்தச் சந்நிதியே அதிரக் கத்த வேண்டும் போல இருந்தது. எட்டு வருடமாக என் தொண்டையில் நிற்பது அதுதான். அவள் முகத்தைப் பார்த்தேன். கிழவியாகிவிட்டாள்.

"நீ நேரத்துக்குத்தான் கத்துனம்மா," என்றேன். "வாட்ச்தான் தப்பு."

அவள் அழுகை சட்டென்று நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள்.

"கேட்டுக்கினீங்களா? அதுவே சொல்லுது" என்றாள்.